அப்பாவின் பழைய சாமானை விற்றேன். தளம் என்னை ‘வியாபாரி’ ஆக்கிவிட்டது (விவாத இழை)

அல்சூர்க்காரன் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மாசியில் காலமானார். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் முப்பத்தெட்டு வருஷம் இருந்த வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நான் இருப்பது இரண்டு அறை வீடு. அங்கே எதையும் கொண்டுபோய் வைக்க இடமில்லை. அம்மாவின் கால்மிதி தையல் மெஷின், ஒரு தேக்கு பீரோ, இரண்டு இரும்புக் கட்டில், யாஷிகா கேமரா, மூன்று சாக்கு நிறையப் புத்தகம், அப்புறம் ஒன்பது கைக்கடிகாரம். அப்பா ஜாலஹள்ளி எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கடிகாரம்தான் பரிசு. கொடுத்தது போக மீந்தவை இவை. ஜனதா மூன்று, பைலட் இரண்டு, கோஹினூர் ஒன்று, மற்றவை கலந்து.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, நான் பல வருஷமாகப் பயன்படுத்தும் ஒரு விற்பனைத் தளத்தில் போட்டேன். கட்டில் அன்றே போயிற்று. பீரோவுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடிகாரம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஐந்தாவது கடிகாரத்தில் சிவப்புப் பட்டை வந்தது: உங்கள் கணக்கு வணிக விற்பனையாளர் கணக்காக மாற்றப்பட்டுள்ளது, ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்கவும், அதுவரை உங்கள் விளம்பரங்கள் யாருக்கும் தெரியாது. பீரோ பார்த்தவரிடம் பேசிக்கொண்டிருந்த அரட்டையும் மூடிவிட்டது. அவர் நம்பர் என்னிடம் இல்லை. தளம் இப்போது நம்பரை மறைத்துத்தான் வைக்கிறது.

உதவிப் பக்கத்தில் எழுதினேன். மூன்று முறையும் ஒரே பத்தி பதிலாக வந்தது. மனிதர் யாரும் படிக்கவில்லை. தேடிப் பார்த்ததில், போன மாதம் விதிமுறையை மாற்றியிருக்கிறார்களாம். ஒரே வகைப் பொருளில் முப்பது நாளுக்குள் இத்தனைக்கு மேல் போட்டால் அவர் வியாபாரி.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். செத்துப்போன அப்பாவின் வாட்சை விற்கிறவன் சட்டப்படி வியாபாரியா?

---

நடத்துநர் | சனி, இரவு 10.05

அப்பாவின் மறைவுக்கு அனுதாபங்கள். எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தத் தளம் என்று பெயர் எழுத வேண்டாம். விதி என்ன, அதனால் நமக்கு என்ன ஆகிறது என்பதைப் பேசுவோம்.

---

மல்லேஸ்வரம் கணக்கர் | ஞாயிறு, காலை 7.15

தம்பி, நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் வியாபாரி இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புக்கான மின்வணிக விதிகளை மத்திய அரசு 2020 ஜூலை 23 அன்று அறிவித்தது. அதன் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. தனிமனிதர் ஒருவர் தன் சொந்த நிலையில் செய்யும் காரியம், வழக்கமாகவோ முறைப்படியோ நடத்தும் தொழிலின் பகுதியாக இல்லாவிட்டால், அந்த விதிகள் அவரைத் தொடாது.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். தொழில் போக்கிலோ தொழிலை வளர்ப்பதற்காகவோ விற்றால்தான் அந்தச் சட்டம் உள்ளே வரும். 2017 ஜூலையில் சட்டம் வந்த புதிதில், வீட்டு நகையைக் கடையில் விற்றால் வரி உண்டா என்று ஒரே குழப்பம். தனிநபர் தன் பழைய நகையை விற்பது தொழில் இல்லை, அதனால் வரி இல்லை என்று நிதி அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு பழைய காருக்கு 18 சதவீதம் என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியதே, அதுவும் பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதிலும் அவருடைய லாபத் தொகைக்கு மட்டும். வீட்டுக் காரை இன்னொருவருக்கு விற்பவருக்கு அல்ல.

வருமான வரியில், நாம் வீட்டில் பயன்படுத்திய அசையும் பொருள்கள் மூலதனச் சொத்துக் கணக்கிலேயே வராது. தையல் மெஷின், கட்டில், கேமரா, சாதாரணக் கைக்கடிகாரம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு இவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாட்டியின் வீணையை விற்றால் கேள்வி இல்லை. பாட்டியின் தஞ்சாவூர் ஓவியத்தை விற்றால் லாபத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். இதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு தளம் ஏன் இப்படிக் கேட்கிறது? முன்பு இவை பத்திரிகை வரி விளம்பரம் போல இருந்தன. விளம்பரம் அவர்களுடையது, பேரமும் பணமும் நம்முடையது. இப்போது பல தளங்கள் பணத்தைத் தாங்களே வாங்கி, ஆள் அனுப்பிப் பொருளையும் எடுத்துப்போகின்றன. பணம் அவர்கள் கை வழியாகப் போனதும் சட்டப் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. பதிவு பெற்ற விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி கணக்கில் அரை சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 ஜூலை வரை அது ஒரு சதவீதம். வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 செப்டம்பர் வரை அதுவும் ஒரு சதவீதம்தான். தகுதி இல்லாத ஒருவரை விற்க விட்டால், 2023 அக்டோபரிலிருந்து தளத்துக்கே அபராதம் உண்டு: 10,000 ரூபாய் அல்லது அந்த வரித் தொகை, எது அதிகமோ அது. அபராதம் தலைக்கு மேல் தொங்கும்போது யார் வீட்டுக்காரர், யார் வியாபாரி என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. எண்ணிக்கை கூடினால் எல்லோரும் வியாபாரி என்று ஒரே கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோடு தளத்தின் கோடு. சட்டத்தில் அது கிடையாது.

---

கொலுபொம்மை | ஞாயிறு, காலை 11.30

கணக்கர் சார், வணக்கம். நான் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறேன். என் விஷயம் கொஞ்சம் வேறு.

ஆவணி பிறந்தால் எனக்கு வேலை தொடங்கிவிடும். காகிதக்கூழில் கொலு பொம்மை செய்வேன். நவராத்திரிக்கு முன்னால் ஆறு ஏழு வாரம், அவ்வளவுதான். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு லட்சத்தைத் தொட்டதில்லை. ஒரு செட்டியார் செட்டுக்கு நான்கு நாள் ஆகும். கூழ் காய இரண்டு நாள், வெள்ளை அடித்து ஒரு நாள், வர்ணமும் கண் திறப்பதும் கடைசி நாள். கண் எழுதும்போது மட்டும் வீட்டில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு பெரிய தளத்தில் சேரப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் முடியாது என்றார்கள். போன வருஷம் மறுபடி பார்த்தபோது எண் இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் வந்த ஆர்டரில் பாதியைத் தளமே ரத்து செய்துவிட்டது. எல்லாம் தமிழ்நாட்டு முகவரி. ஓசூரில் இருக்கும் ஒரு அம்மா மூன்று செட் கேட்டிருந்தார்கள். என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதை அனுப்ப முடியாது, ஆனால் பல்லாரிக்கு அனுப்பலாமாம். இது என்ன விதி சார்?

இன்னொரு கவலையும் உண்டு. என் வீட்டு முகவரி, கதவு எண் முதற்கொண்டு, தளத்தில் என் பொம்மைக்குக் கீழே தெரிகிறது. பகலில் நானும் மாமியாரும் மட்டும் இருக்கும் வீடு.

---

மல்லேஸ்வரம் கணக்கர் | ஞாயிறு, மதியம் 1.10

அம்மா, உங்களுடையது சிறியதானாலும் தொழில். அதனால் விதி உங்களைத் தொடுகிறது.

தளம் வழியாகப் பொருள் விற்றால், விற்பனை எவ்வளவு குறைவானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதுதான் பழைய நிலை. கடை வைத்திருப்பவருக்கு 40 லட்சம் வரை விலக்கு, உங்களுக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு. அது அநியாயம் என்று பலர் சொன்னபிறகு 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய கவுன்சில் மாற்ற ஒப்புக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருப்பவர் பான் கொடுத்து ஜிஎஸ்டி வலைவாசலில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் அந்தச் சலுகை ஒரே மாநிலத்துக்குள் விற்பதற்குத்தான். மாநில எல்லை தாண்டித் தொழிலாகப் பொருள் விற்றால் பொதுவாகப் பதிவு வேண்டும் என்று சட்டத்தில் தனியாக இருக்கிறது. அதனால்தான் அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் உங்கள் பொம்மை போக முடியவில்லை. எல்லையில் வாழ்கிறவர்களை நினைத்துப் பார்க்காமல் எழுதிய விதி இது. நானும் மனுவில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

முகவரி விஷயம் 2020 விதிகளிலிருந்து வருவது. விற்பவரின் தொழில் பெயர், இருக்கும் இடம், தொடர்பு எண் எல்லாம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்கிறது. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு அது பொருந்தவில்லை. உங்கள் பகுதி மகளிர் குழுவுக்கோ சொந்தக்காரர் கடைக்கோ ஒரு முகவரி இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு அதைத் தொழில் முகவரியாகக் காட்ட முடியுமா என்று பாருங்கள்.

---

வாங்கி ஏமாந்தவன் | ஞாயிறு, மாலை 6.20

எல்லோரும் விற்கிறவர் பக்கமே பேசுகிறீர்கள். மன்னிக்கவும், நான் மாற்றுக் கருத்து.

இரண்டு வருஷம் முன்பு ஒரு பழைய போன் வாங்கினேன். விற்றவர் ‘என் சொந்த உபயோகம், ஒரே கை’ என்று எழுதியிருந்தார். சிவாஜிநகரில் ஒரு டீக்கடை வாசலில் வந்து கொடுத்தார். பத்து நாளில் போன் செத்துவிட்டது. சர்வீஸில் திறந்து பார்த்தால் உள்ளே பலகையே மாற்றியிருக்கிறார்கள். பிறகு தேடினால் அதே ஆள் நான்கு பெயரில் அறுபது போன் போட்டிருக்கிறார், எல்லாம் ‘சொந்த உபயோகம்’. அவர் வியாபாரி என்று தெரிந்திருந்தால் பில் கேட்டிருப்பேன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். தனிநபர் என்று சொன்னதால் எந்தக் கதவையும் தட்ட முடியவில்லை.

அதனால் எண்ணிக்கை பார்த்து ‘வியாபாரி’ என்று பட்டை ஒட்டுவதை நான் வரவேற்கிறேன். அல்சூர் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எச்எம்டி என்று சொல்லி டயலுக்குப் புது வர்ணம் அடித்து விற்கிற கூட்டம் இருப்பது உங்களுக்கே தெரியும். ஒன்பது வாட்ச் போட்டால் தளம் சந்தேகப்படுவதில் என்ன தப்பு?

---

அல்சூர்க்காரன் | ஞாயிறு, இரவு 8.45

தம்பி, நீங்கள் ஏமாந்தது எனக்கும் வருத்தம்தான். சந்தேகப்படட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. ஆதார் கேட்டால் காட்டுகிறேன். அப்பாவின் அலுவலக அடையாள அட்டைகூட இருக்கிறது. வாட்சின் பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் அதையும் செய்கிறேன். ஒரு ஜனதாவின் உள்மூடியில் அவர் எண்ணெய் போட்ட தேதியை ஊசியால் கீறி வைத்திருக்கிறார், சின்னச் சின்ன எழுத்தில், நான்கு வரிசை. எந்தப் போலிக்காரன் அதைச் செய்வான்?

என் வருத்தம், யாரும் கேட்கவே இல்லை என்பதுதான். கேட்காமலே மூடிவிட்டார்கள். உங்களை ஏமாற்றியவருக்கு நான்கு பெயர் இருந்தது என்கிறீர்கள். அவர் இந்தப் புது விதியிலும் நான்கு பெயரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சொந்தப் பெயரில், உண்மை நம்பரில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டவன்தான் மாட்டுகிறான்.

---

வாங்கி ஏமாந்தவன் | ஞாயிறு, இரவு 9.02

அது சரிதான் அண்ணா. நான்கு பெயர் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு கோடு வேண்டும் என்பதில் மாற மாட்டேன்.

---

தபால்தலை தாத்தா | திங்கள், காலை 6.50

ஜெயநகரிலிருந்து எழுதுகிறேன், வயது எழுபத்து மூன்று. இதையெல்லாம் நான் ஒரு முறை பார்த்து முடித்தவன்.

2000த்தில் பாஜி என்று ஒரு ஏலத் தளம் வந்தது. 2004இல் இபே அதை வாங்கியது. என்னிடம் இருந்த இரட்டைத் தபால்தலைகளை அதில்தான் விற்பேன். திருவாங்கூர் அஞ்சல் சங்குத் தலைகளுக்கு எங்கிருந்தெல்லாம் கேட்டு வருவார்கள்! பைசாபே என்று ஒரு ஏற்பாடு. வாங்குபவர் பணத்தைத் தளத்திடம் கட்டுவார், பொருள் போய்ச் சேர்ந்த பிறகு நமக்கு வரும். யாரும் யாரையும் நம்பாமலே நம்பிக்கையாக நடந்தது. ஓய்வூதியத்தோடு மாதம் ஒரு ஆயிரம் இரண்டாயிரம். அதைவிட, யாரோ ஒருவர் கோரக்பூரிலிருந்து ‘இந்தத் தலையை இருபது வருஷமாகத் தேடினேன்’ என்று எழுதுவார். அதற்காகவே விற்றேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. எண் கேட்டார்கள். பொழுதுபோக்குக்காரன் எண்ணுக்கு எங்கே போவது? மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் தலை விற்ற பணத்தைவிட அதிகம். நிறுத்திவிட்டேன். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 14 அன்று இபே இந்தியத் தளத்தையே மூடிவிட்டார்கள். என்னோடு விற்றுக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. பெரும்பாலோர் என்னைப் போலக் கிழவர்கள்.

கூட ஒன்று. யாராவது தாத்தா வீட்டுப் பழைய காசு, செப்புச் சிலை என்று போடப் போகிறீர்கள் என்றால் பொறுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். சில சிற்பங்களையும் ஓவியங்களையும் வீட்டில் வைத்திருக்கவே பதிவு வேண்டும். முதலில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

---

மாரத்தஹள்ளி மகள் | திங்கள், காலை 10.40

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். அம்மா குழந்தைத் துணி, தொட்டில், நடைவண்டி என்று பேரன் பேத்தி வளர வளர விற்றுவிடுவார். எங்கள் அடுக்ககத்தில் பத்துப் பிள்ளைகள் அந்த ஒரே நடைவண்டியில் நடந்திருக்கிறார்கள்.

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து வரி நோட்டீஸ் போனது நினைவிருக்கும். காய்கறிக் கடை, பேக்கரி, டீக்கடை எல்லாவற்றிலும் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அம்மா அதைப் பார்த்துப் பயந்துபோய்த் தன் விளம்பரங்களையெல்லாம் அழித்துவிட்டார். ‘என் கணக்கிலும் எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று வந்திருக்கிறதே, கேட்டால் என்ன சொல்வேன்?’ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது தளமும் பான் கேட்கிறது. பான் கொடுத்தால் வரித்துறையே வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்.

கணக்கர் சார், அவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுதுங்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்துக் காட்டுகிறேன்.

---

மல்லேஸ்வரம் கணக்கர் | திங்கள், மதியம் 12.15

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். இதைக் காட்டுங்கள்:

அம்மா, அந்த நோட்டீஸ் போனது வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் பொருள் விற்ற, அல்லது 20 லட்சத்துக்கு மேல் சேவைக்கு வாங்கிய கடைக்காரர்கள் என்று துறை நினைத்தவர்களுக்கு. பேரனின் தொட்டிலை விற்றது கடை இல்லை. அந்தப் பணம் வருமானமும் இல்லை, ஏற்கெனவே செலவழித்த பணத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது. தைரியமாக விற்கலாம்.

பான் விஷயத்தில், உங்களுக்கு ஒன்று: பான் கொடுத்தால்தான் நல்லது. தளம் வழியாகச் சிறிய அளவில் தொழில் செய்யும் தனிநபர் பானோ ஆதாரோ கொடுத்திருந்தால், வருஷம் 5 லட்சம் வரை தளம் வருமான வரி பிடிக்காது. கொடுக்காவிட்டால் 5 சதவீதம் வரை பிடிக்க இடமுண்டு. ஆனால் பான் அட்டையின் படத்தை வாங்குபவர் யாருக்கும் அரட்டையில் அனுப்பவே கூடாது. தளத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் மட்டும்.

---

மாரத்தஹள்ளி மகள் | திங்கள், மதியம் 12.50

அச்செடுத்துவிட்டேன் சார். படித்துவிட்டு ‘ஏற்கெனவே செலவழித்த பணம்’ என்ற இடத்தில் தலையை ஆட்டினார்.

மற்றவர்களுக்கும் ஒன்று. அம்மாவிடம் ஒருவன் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, தொட்டிலுக்குப் பணம் அனுப்புகிறேன், கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்றான். பக்கத்து வீட்டுப் பையன் இருந்ததால் தப்பித்தார். பணம் வாங்கப் பின் எண் போட வேண்டியதே இல்லை. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் யுபிஐ வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கியூஆர் ஏமாற்று இன்னும் நடக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசுங்கள். நம்பரை மறைக்கும் புது விதியை இந்த ஒரு காரணத்துக்காக நான் ஆதரிக்கிறேன்.

---

டொம்ளூர் அக்கா | திங்கள், இரவு 10.20

லண்டனில் இருக்கும் என் தங்கையும் இதே புலம்பல். அங்கே 2024 ஜனவரியிலிருந்து ஒரு விதி. வருஷத்தில் 30 பொருளோ அதற்கு மேலோ விற்றால், அல்லது 2,000 யூரோவுக்கு மேல் வந்தால், தளம் அந்த விவரத்தை வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வருஷம் முன்பே வந்துவிட்டது. பழைய துணிக்குக்கூட வரி என்று அங்கேயும் வதந்தி. வரித்துறை வெளிப்படையாகச் சொன்னது: புது வரி எதுவும் இல்லை, வீட்டுப் பழைய சாமானை விற்பவர் கவலைப்பட வேண்டாம், விற்பதற்காகவே வாங்கி விற்பவர்தான் பார்க்க வேண்டும். வியாபாரமாகச் செய்தாலும் வருஷம் 1,000 பவுண்டு வரை வருகிற வரவைச் சொல்ல வேண்டியதில்லையாம்.

கட்டணத்திலும் மாற்றம். அங்கே இபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனைக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டு, சில மாதத்தில் வாங்குபவர் தலையில் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வைத்தது. விற்பவருக்கு இலவசம் என்று பெயர், ஆனால் வாங்குபவர் அந்தக் காசையும் சேர்த்துத்தானே பேரம் பேசுகிறார் என்கிறாள் தங்கை. அமெரிக்காவில் 600 டாலர் தாண்டினாலே வரித்துறைக்குப் படிவம் என்று 2021இல் சட்டம் போட்டு, தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, 2025இல் பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் என்று திருப்பிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது, அங்கே எந்த எண் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது என்றால் முப்பது.

---

அல்சூர்க்காரன் | திங்கள், இரவு 10.55

அக்கா, இதைத்தான் இரண்டு நாளாகச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நம் சட்டத்தில் ‘வழக்கமாகவோ முறைப்படியோ’ என்று இருக்கிறதே தவிர, எத்தனை விற்றால் வழக்கம் என்று இல்லை. அந்தக் காலி இடத்தில் ஒவ்வொரு தளமும் தனக்குத் தோன்றிய எண்ணை எழுதிக்கொள்கிறது. ஒரு தளத்தில் நான்கு, இன்னொன்றில் பத்து. அந்த எண்ணையும் வெளியே சொல்வதில்லை, முட்டிக்கொண்ட பிறகுதான் தெரிகிறது. நேற்றுத் தம்பி ஒரு கோடு வேண்டும் என்றார். வேண்டும்தான். அரசு போட்ட கோடாக, எல்லோருக்கும் தெரிந்த கோடாக இருக்கட்டும். வீடு காலி செய்வது, சாவு, மாற்றல் இதற்கெல்லாம் ஒரே மாதத்தில் ஐம்பது பொருள் விற்க வேண்டிவரும். அதற்கும் அதில் இடம் வேண்டும்.

---

வாங்கி ஏமாந்தவன் | திங்கள், இரவு 11.10

இதில் நானும் உங்களோடு அண்ணா. வருஷக் கணக்கில் பார்க்கட்டும், மாதக் கணக்கில் வேண்டாம். வியாபாரி வருஷம் முழுக்க விற்பார், வீடு காலி செய்பவர் ஒரு மாதம் விற்பார்.

---

பேகூர் ரோடு | செவ்வாய், காலை 9.05

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என் ஸ்கூட்டரையும் இப்படித் தளத்தில் போட்டு விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்றார். நான் வேறு ஏதும் செய்ய வேண்டுமா?

---

மல்லேஸ்வரம் கணக்கர் | செவ்வாய், காலை 9.30

கட்டாயம். வண்டியை விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29ஐ நீங்களே ஆர்டிஓவுக்கு 14 நாளுக்குள் கொடுங்கள். அவரை நம்பி விடாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ விபத்துக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்றே போங்கள்.

அல்சூர் தம்பி, உங்கள் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். உதவிப் பக்கத்தில் எழுதாதீர்கள். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பெற்றுக்கொண்டோம் என்று 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். கெடுவுக்குள் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். 2023 மார்ச்சிலிருந்து அது இயங்குகிறது. வழக்கறிஞர் தேவையில்லை.

எழுதும்போது கோபத்தைக் குறைத்து உண்மையை மட்டும் எழுதுங்கள்.

---

கொலுபொம்மை | செவ்வாய், காலை 11.00

அண்ணா, எழுதியதை இங்கேயும் போடுங்கள். எனக்கும் முகவரி விஷயத்துக்கு உதவும்.

---

அல்சூர்க்காரன் | புதன், இரவு 9.15

அனுப்பியது இதுதான்:

“நான் தனிநபர். காலமான என் தந்தையின் வீட்டுப் பொருள்களை விற்கிறேன். இவை விற்பதற்காக வாங்கியவை அல்ல. 2020 மின்வணிக விதிகளின் விலக்கு எனக்குப் பொருந்தும். என்னை வணிக விற்பனையாளர் என்று எந்த விதியின்படி, எந்த எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தினீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். தந்தையின் இறப்புச் சான்றிதழும் வாடகை ஒப்பந்தமும் இணைத்துள்ளேன். கணக்கைத் தனிநபர் கணக்காக மாற்றித் தரவும்.”

மறுநாள் காலையில் ஒப்புகை வந்தது. மூன்று வாரமாக வந்ததில் இதுதான் முதல் வேறு பதில்.

---

அல்சூர்க்காரன் | பதினொரு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

கேட்டவர்களுக்காக வந்து சொல்கிறேன். ஒரு பெண் தொலைபேசியில் பேசினார், கன்னடத்தில். பொறுமையாகக் கேட்டார். கணக்கைத் தனிநபர் என்று மாற்றிவிட்டார்கள். எந்த எண்ணிக்கை என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மேல்முறையீட்டுக் குழுவுக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதிப் போட்டிருக்கிறேன். கணக்கர் சார் திருத்திக் கொடுத்தார்.

அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்துவிட்டது. பீரோவைக் காயலான் கடைக்காரர் எடுத்துப்போனார், தளத்தில் பேசிய விலையில் கால்வாசிக்கு. தமிழ்ப் புத்தகங்களைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். மற்றவை அவென்யூ ரோட்டுக்குப் போயின. தையல் மெஷின் மர்ஃபி டவுனில் தையல் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணுக்குப் போனது. அவள் அப்பா ஆட்டோவில் ஏற்றும்போது மிதியைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கடிகாரத்தில் ஐந்து போயிற்று. உள்மூடியில் தேதி கீறிய ஜனதாவை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பைலட் இரண்டும் கோஹினூரும் இருக்கின்றன. வாங்கி ஏமாந்த தம்பி, உங்களுக்கு விருப்பம் இருந்தால் வாருங்கள். மூடியைத் திறந்து காட்டுகிறேன், பிடித்தால் மட்டும் எடுங்கள்.

---

வாங்கி ஏமாந்தவன் | ஞாயிறு, மாலை 6.10

வருகிறேன் அண்ணா. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏரிக்கரை திருவள்ளுவர் சிலை பக்கம். கோஹினூரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.